பங்கிட முடியாத சொத்து

பெங்களூரு மாநகரில் சித்தய்யா சாலையில் 'நியாய தேகுல' என்றொரு கட்டடம் உள்ளது. கன்னடத்தில் 'தேகுல' என்பது கோயிலைக் குறிக்கும் சொல். நீதியின் ஆலயம் என்பது அப்பெயரின் பொருள். வழக்காடுவோரைப் பேசவைத்து உடன்பாட்டுக்குக் கொண்டுவரும் சமரச மையம் 2007-ஆம் ஆண்டு தொடங்கப்பட்டு அங்கே இயங்கி வருகிறது. அங்கு வந்து சேரும் பலவகை வழக்குகளில் கணவன், மனைவி வழக்குகளும் உண்டு.

இத்தகைய வழக்குகளில் எழும் கேள்விகள் எந்த ஊரிலும் ஏறக்குறைய ஒன்றுதான். வீடு யாருக்கு? வீட்டுக் கடனின் மீதித் தவணைகளை யார் கட்டுவது? திருமணத்தின்போது போட்ட நகை எவ்வளவு? குழந்தை வார நாட்களில் யாரிடம், விடுமுறையில் யாரிடம்? ஒரு காலத்தில் 'நம்முடையது' என்று சொல்லப்பட்டவை எல்லாம் 'உன்னுடையது', 'என்னுடையது' என்று இரண்டு பட்டியல்களாகப் பிரிகின்றன.

1955-ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம், சப்தபதிச் சடங்கு நடைபெறும் திருமணங்களில் மணமக்கள் ஏழாவது அடியை எடுத்து வைத்ததும் திருமணம் முழுமை பெறுகிறது என்று கூறுகிறது. அதே சட்டத்தின்படி, இருவரும் சம்மதித்துப் பிரிய விரும்பினால் முதல் மனுவுக்குப் பின் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். தக்க வழக்குகளில் இந்தக் காத்திருப்பைத் தள்ளுபடி செய்யலாம் என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. இருந்தாலும் அந்த ஆறு மாதத்தின் நோக்கம் தெளிவானது: மறுபடியும் ஒருமுறை சிந்தித்துப் பாருங்கள் என்று சட்டம் சொல்கிறது. ஆனால் எதைச் சிந்திப்பது என்பதைச் சட்டம் சொல்ல முடியாது. அதைச் சொல்ல வேண்டியவை சாஸ்திரங்களும் மகான்களின் வாழ்க்கையும்தான்.

ஒரு பழைய பாகப்பிரிவினை

கணவன் மனைவிக்கிடையே நிகழ்ந்த பாகப்பிரிவினை ஒன்று பிருஹதாரண்யக உபநிஷதத்தில் வருகிறது. அது முக்கியமானது என்பதாலோ என்னவோ, அந்த உபநிஷதம் அதை இரண்டு இடங்களில் சொல்கிறது.

யாஜ்ஞவல்க்ய முனிவருக்கு மைத்ரேயி, காத்யாயனி என்று இரு மனைவியர். இல்லறத்தை விட்டுத் துறவு நிலைக்குச் செல்ல முனிவர் முடிவு செய்கிறார். போகுமுன் தமது உடைமைகளை இருவருக்கும் முறையாகப் பிரித்துக் கொடுக்க விரும்புகிறார். பொறுப்புள்ள கணவன் செய்ய வேண்டிய செயல் அது. துறவின் பெயரால்கூட மனைவியை நிராதரவாக விட்டுவிட அவர் எண்ணவில்லை.

அப்போது மைத்ரேயி ஒரு கேள்வி கேட்கிறாள். செல்வம் நிறைந்த இந்த உலகம் முழுவதும் தனக்குக் கிடைத்தாலும் அதனால் தான் மரணத்தைக் கடந்துவிட முடியுமா என்று வினவுகிறாள். முடியாது, வசதியுள்ளவர்களின் வாழ்க்கைதான் அமையும் என்று முனிவர் மறைக்காமல் சொல்கிறார். அப்படியானால் அந்தப் பங்கு தனக்கு வேண்டாம், அவர் அறிந்த மெய்ப்பொருளே தன் பங்காகட்டும் என்கிறாள் மைத்ரேயி. கணவனிடம் உள்ள சொத்துக்களில் பிரித்துக் கொடுத்தாலும் குறையாத ஒன்றை அவள் கேட்டுப் பெற்றாள்.

அவளுக்கு முனிவர் தொடங்கிய உபதேசமே கணவன் மனைவி உறவைப் பற்றியதாக அமைந்தது. ஒருவரிடம் கொள்ளும் பிரியத்தின் ஊற்று, அவர் ஏற்றிருக்கும் உறவுப் பெயரில் இல்லை. அவருள்ளும் தன்னுள்ளும் ஒன்றாக விளங்கும் ஆன்மாவில் இருக்கிறது. இதுவே அந்த உபதேசத்தின் சாரம்.

இதைத் தவறாகப் புரிந்துகொள்பவர்கள் உண்டு. 'எல்லோரும் தன் சுகத்திற்காகவே பிறரை நேசிக்கிறார்கள்' என்று முனிவர் சொன்னதாக அவர்கள் கருதுகிறார்கள். அப்படிப் பொருள் கொண்டால், சுகம் நின்ற அன்றே அன்பும் நின்றுவிடும். முனிவர் குறிப்பிட்ட 'தான்' இந்தச் சிறிய அகங்காரம் அல்ல. கணவன் என்ற வேடமும் மனைவி என்ற வேடமும் மாறக்கூடியவை. அந்த வேடங்களைத் தாங்கி நிற்கும் உயிர் மாறாதது. வேடத்தின்மீது மட்டும் அன்பு வைத்தவருக்கு வேடம் மாறும் ஒவ்வொரு முறையும் இழப்பு. உயிரின்மீது அன்பு வைத்தவருக்கு அந்த மாற்றம் கடமையின் மாற்றம் மட்டுமே.

வேடங்கள் மாறும் வீடு

இன்றைய பெங்களூரில் இந்த மாற்றத்தை எளிதில் காணலாம். கணவனும் மனைவியும் வேலைக்குச் செல்கிறார்கள். ஒருவர் விடியும்போது கிளம்புகிறார். வெளிநாட்டு நேரத்துக்கு ஏற்ப வேலை செய்யும் மற்றவர் அப்போதுதான் படுக்கப் போகிறார். பெற்றோர் சேலத்திலோ மதுரையிலோ இருக்கிறார்கள். சமையல் யார் பொறுப்பு, குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் விடுப்பு எடுப்பவர் யார், யாருடைய பதவி உயர்வுக்காக யார் ஊர் மாறுவது என்ற கேள்விகளுக்கு முந்தைய தலைமுறையிடம் தயாராக இருந்த விடைகள் இன்று பொருந்துவதில்லை. தன் தந்தை எப்படி நடத்தப்பட்டாரோ அப்படியே தானும் நடத்தப்பட வேண்டும் என்று கணவன் எதிர்பார்க்கிறான். தன் தாய் பட்டதைத் தான் படக்கூடாது என்று மனைவி உறுதி கொள்கிறாள். இருவரும் எதிரே உள்ள மனிதரைப் பார்க்காமல், மனத்தில் உள்ள ஒரு வேடத்தோடு வாதிடுகிறார்கள்.

வேடங்களை எப்படி ஏற்பது, எப்படி விடுவது என்பதற்கு அன்னை ஸ்ரீசாரதா தேவியாரின் வாழ்க்கை ஓர் உரைகல். 1859-இல் ஸ்ரீராமகிருஷ்ணருடன் திருமணம் நடந்தபோது அவருக்கு வயது ஐந்து. கணவருக்கு வயது இருபத்துமூன்று. கணவருக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்று ஊரார் பேசியதைக் கேட்டுக்கொண்டே அவர் வளர்ந்தார். உண்மையைத் தாமே அறிய விரும்பி 1872-இல் தந்தையுடன் நெடுந்தூரம் நடந்து, வழியில் காய்ச்சலில் விழுந்து, தட்சிணேசுவரத்தை அடைந்தார். கணவர் அவரை அன்புடன் வரவேற்று மருத்துவத்துக்கு ஏற்பாடு செய்தார். பின்னர் ஒருநாள், தம்மை உலகியலுக்கு இழுக்க வந்தாரா என்று குருதேவர் கேட்டார். அவருடைய பாதையில் துணை நிற்கவே வந்ததாக அன்னை விடையளித்தார்.

அன்னை அங்கே தங்கியது நகபத் என்னும் சிறிய எண்கோண அறையில். மளிகைப் பொருள்களும் பாத்திரங்களும் அங்கேயே. கணவருக்கும், மாமியார் சந்திரமணி தேவியாருக்கும், வரும் பக்தர்களுக்கும் அங்கிருந்தே சமையல். சில அடி தூரத்தில் இருந்தும் பல நாட்கள் கணவரைக் காண வாய்ப்பிருக்காது. அவரது அறையில் நடக்கும் கீர்த்தனத்தை மூங்கில் தட்டியின் துளை வழியாக நின்றபடியே பார்ப்பார்.

இவ்வளவு கேட்டதும், 'மனைவி எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டார், அவ்வளவுதானே?' என்று தோன்றலாம். மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். ஒருநாள் அன்னை உணவை வைத்துவிட்டுத் திரும்பும்போது, வந்தது அண்ணன் மகள் லட்சுமி என்று எண்ணிக் குருதேவர் கதவைச் சாத்திவிட்டுப் போகச் சொன்னார். அப்போது வங்க மொழியில் வயதில் சிறியவர்களை அழைக்கும் 'துயி' என்ற சொல்லை வாயில் வரவிட்டார். தமிழில் 'டீ' போட்டு அழைப்பது போன்றது அது. பதிலளித்த குரல் அன்னையுடையது என்று தெரிந்ததும் பதறினார். அன்றிரவு அவருக்கு உறக்கம் வரவில்லை. மறுநாள் நகபத்துக்கே சென்று, அப்படி அழைத்துவிட்டதற்காக வருந்தினார். ஒரு சொல்லுக்காக! கணவர் தம்மிடம் ஒருபோதும் கடுமையாகப் பேசியதில்லை என்று அன்னை பிற்காலத்தில் நினைவுகூர்ந்ததுண்டு. பலஹாரிணி காளி பூஜை இரவில் தேவியின் ஆசனத்தில் அன்னையை அமர்த்தி வழிபட்டவர் அவர். அந்த ஓர் இரவின் வழிபாடு பூஜையோடு முடிந்துவிடவில்லை என்பதற்கு, உறக்கமின்றிக் கழிந்த இந்த மற்றோர் இரவே சாட்சி.

மைத்ரேயியின் கேள்வி இந்த வீட்டிலும் எழுந்தது. லட்சுமி நாராயணன் என்ற மார்வாரி பக்தர் குருதேவருக்குப் பத்தாயிரம் ரூபாய் தர முன்வந்தார். அக்காலத்தில் அது பெருந்தொகை. குருதேவர் மறுத்துவிட்டார். ஆனால் மனைவிக்கும் சேர்த்துத் தாமே முடிவு செய்துவிடவில்லை. அன்னையை அழைத்து, விரும்பினால் அவர் பெற்றுக்கொள்ளலாம் என்று கூறி விருப்பத்தைக் கேட்டார். தாம் வாங்கினால் அது கணவருக்கே செலவாகும், எனவே அவர் வாங்கியதாகவே ஆகும் என்று கூறி அன்னையும் மறுத்தார். மனைவியின் கருத்தைக் கேட்ட கணவர், கணவரின் உள்ளத்தை அறிந்த மனைவி. இந்த இரண்டும் இருந்ததால் பத்தாயிரம் ரூபாய் அந்த வீட்டுக்குள் நுழைந்து இருவரைப் பிரிக்க முடியவில்லை.

கோலின் இரு முனைகள்

'இது பிழையே நேராத தம்பதியரின் கதை. பிழை நேர்ந்துவிட்ட வீட்டில் என்ன செய்வது?' என்று ஒருவர் கேட்கலாம். அதற்கு விடை தேடத் தில்லைக்குச் செல்ல வேண்டும். சேக்கிழார் பெருமான் பெரியபுராணத்தில் பாடிய திருநீலகண்ட நாயனாரின் வரலாறு அது.

தில்லையில் சிவனடியார்களுக்குத் திருவோடு செய்து அளித்துவந்த குயவர் அவர். சிவபக்தர், ஆனால் ஒருநாள் பரத்தையின் இல்லம் சென்று திரும்பினார். மனைவியார் அதை அறிந்தார். இல்லத்தின் மற்றப் பணிகள் எதையும் அவர் நிறுத்தவில்லை; ஆனால் உடலுறவுக்கு இணங்கவில்லை. கணவர் நெருங்கியபோது, 'எம்மை' என்ற சொல்லால், தங்களைத் தீண்டக்கூடாது என்று இறைவனின் திருநீலகண்டத்தின்மீது ஆணையிட்டார். அந்தச் சொல் பன்மையாக அமைந்ததால், எந்தப் பெண்ணையும் இனி மனத்தாலும் தீண்டுவதில்லை என்று நாயனார் உறுதி பூண்டார். இருவரும் ஒரே வீட்டில், அயலார் அறியாதபடி, முதுமை வரும்வரை அவ்வாறே வாழ்ந்தனர்.

பிறகு இறைவன் சிவயோகியாக வந்து, ஓர் ஓட்டைக் கொடுத்துப் பாதுகாக்கச் சொன்னார். அதைத் தாமே மறையச் செய்து, திரும்பி வந்து கேட்டார். நாயனார் திருடவில்லை என்றால் மனைவியின் கையைப் பிடித்துக் குளத்தில் மூழ்கிச் சத்தியம் செய்ய வேண்டும் என்றார். வழக்கு தில்லைவாழ் அந்தணர்களின் அவைக்குப் போயிற்று; மூழ்க வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. நாயனார் ஒரு மூங்கில் கோலின் ஒரு முனையை மனைவியாரிடம் தந்து, மறுமுனையைத் தாம் பிடித்துக் குளத்தில் இறங்கினார். கையைப் பிடித்தே மூழ்க வேண்டும் என்று யோகியார் வற்புறுத்தினார். அப்போதுதான் அத்தனை ஆண்டுகள் மறைத்து வைத்திருந்த வரலாற்றை, தம் பிழை உட்பட, எல்லோரும் கேட்க நாயனார் எடுத்துரைத்தார். சொல்லிவிட்டு மூழ்கினார். எழுந்தபோது இருவரும் இளமை பெற்றிருந்தனர்.

இந்த வரலாற்றில் கவனிக்க வேண்டியவை மூன்று. முதலாவது, பிழையைப் பிழை என்று சொன்ன மனைவியை நூல் குறை கூறவில்லை. சகித்துப் போவதே பத்தினியின் கடமை என்ற பேச்சுக்குப் பெரியபுராணத்தில் இங்கே இடமில்லை. இரண்டாவது, கணவர் தமக்கு விதிக்கப்பட்டதைக் காட்டிலும் பெரிய கட்டுப்பாட்டைத் தாமே ஏற்றார். மனைவியின் கோபத்தைத் தம் தவமாக மாற்றிக்கொண்டார். மூன்றாவதே மிக முக்கியமானது. இருவரும் இவ்வளவு உயர்ந்தவர்களாக இருந்தும், அந்த இடைவெளி மௌனத்தால் தீரவில்லை. தன் பிழையைத் தன் வாயால் ஒப்புக்கொண்ட பின்னரே தீர்ந்தது. குளத்தில் இறங்கியவர்களில் பிழை செய்தவர் ஒருவர்தான், மூழ்கியவர்கள் இருவர். பிழை செய்யாதவரும் உடன் இறங்க முன்வந்ததால்தான் அந்த இல்லறம் மீண்டும் தளிர்த்தது.

இன்றும் பல வீடுகளில் கணவனும் மனைவியும் கோலின் இரு முனைகளைப் பிடித்தபடி வாழ்கிறார்கள். குழந்தையின் பள்ளிக் கட்டணம், பெற்றோரின் மருந்து, மாதத் தவணை ஆகியவை அந்தக் கோல். அவர்கள் கையைத் தொடவில்லை; ஆனால் கோலை விட்டுவிடவும் இல்லை. விட்டுவிடாத அந்தப் பிடியை ஏளனமாக நினைக்கக் கூடாது. ஒருநாள் யாரோ ஒருவர், 'தவறு என்னுடையது' என்று சொல்வதற்கான வாய்ப்பை அந்தக் கோலே காப்பாற்றித் தருகிறது.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். அடியும் உதையும் வரதட்சணைக் கொடுமையும் நிகழும் இடத்தில் பொறுமையை உபதேசிப்பது அதர்மம். 1961-ஆம் ஆண்டின் வரதட்சணைத் தடைச் சட்டமும், 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைப் பாதுகாப்புச் சட்டமும் அத்தகையோருக்காகவே இயற்றப்பட்டன. உயிரில் ஆன்மாவைக் காண வேண்டும் என்ற போதனை தன் உயிருக்கும் பொருந்தும். பிரிவு தவிர்க்க முடியாததாகும் வீடுகளும் உண்டு. பிரிய நேர்ந்தாலும் யாஜ்ஞவல்க்யரைப் போல் நியாயமாகப் பங்கிட்டு, மற்றவரை இழிவுபடுத்தாமல் பிரிவதும் தர்மமே.

இழப்பின் பிறகு

எவ்வளவு இனிய இல்லறமானாலும் ஒருவர் முந்திச் செல்ல, மற்றவர் நிற்க வேண்டிய நாள் வருகிறது. அந்த நாளுக்கு எந்தச் சமரச மையத்திலும் தீர்வு இல்லை.

1885-இல் குருதேவருக்குத் தொண்டையில் புற்றுநோய் கண்டது. சியாம்புகூரிலும் பிறகு காசிப்பூரிலும் அன்னை அவருக்கான உணவைத் தயாரித்து ஊட்டும் பணியை ஏற்றார். மனைவி, சிஷ்யை என்பவற்றோடு செவிலி என்ற வேடமும் சேர்ந்தது. கணவர் பிழைக்க வேண்டும் என்று தாரகேசுவரம் சென்று சிவபெருமான் சந்நிதியில் உண்ணாமல் கிடந்தார். 1886 ஆகஸ்டு 16-ஆம் நாள் குருதேவர் மறைந்தார். அப்போது அன்னைக்கு வயது முப்பத்திரண்டு. குழந்தைகள் இல்லை, உடைமை என்று சொல்ல ஏதுமில்லை.

விதவைக் கோலம் ஏற்பதற்காக அன்னை கைவளைகளைக் கழற்ற முற்பட்டபோது குருதேவர் காட்சி தந்து தடுத்தார் என்றும், தாம் ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குச் சென்றிருப்பதாகவே கூறினார் என்றும் அன்னையின் வரலாறு சொல்கிறது. ஆனால் அந்தக் காட்சி அவரைத் துன்பத்திலிருந்து விலக்கி வைத்துவிடவில்லை. காமார்புகூரில் அவர் தனியாக வாழ்ந்த காலத்தில், கோயிலிலிருந்து வந்துகொண்டிருந்த மாதம் ஏழு ரூபாயும் நின்றது. உப்புக்கும் வழியின்றிச் சோறும் கீரையும் உண்ட நாட்கள் உண்டு. வளையலும் சிவப்புக் கரை போட்ட சேலையும் அணிந்திருப்பதைக் கண்டு ஊரார் ஏசினார்கள். கண்ணீர் உண்டு, வறுமை உண்டு, பழிச்சொல் உண்டு. அவற்றின் நடுவிலும் அவர் கசப்பை ஏற்கவில்லை. கணவர் என்ற உருவம் மறைந்தபின், அவர்பால் கொண்ட அன்பு அன்னையை நாடிவந்த ஒவ்வொருவர்மீதும் பரவியது. மகளுக்குக் குழந்தை இல்லையே என்று தாயார் சியாமசுந்தரி தேவியார் ஏங்கியதுண்டு. அந்த மகளை எண்ணற்றோர் 'அம்மா' என்று அழைத்தார்கள்.

1911-ஆம் ஆண்டு, கணவர் மறைந்து இருபத்துநான்கு ஆண்டுகள் கடந்தபின், அன்னை தென்னாட்டு யாத்திரைக்கு வந்தார். சென்னை, மதுரை, ராமேசுவரம் சென்றபின் பெங்களூரு வந்து, பசவனகுடியில் உள்ள ஆசிரமத்தில் சில நாட்கள் தங்கினார். அவரைக் காணப் பெருங்கூட்டம் வந்தது. அவர்களுடைய மொழி அன்னைக்குத் தெரியாது. அவர்களோடு பேச முடியவில்லையே என்று அவர் வருந்தியபோது, பேச்சே தேவையில்லை, அவரைக் கண்டதிலேயே தங்கள் உள்ளம் நிறைந்துவிட்டது என்று பக்தர்கள் தெரிவித்தார்கள். ஒரு மாலை ஆசிரமத்தின் பின்புறமுள்ள பாறைமீது அமர்ந்து, மறையும் சூரியனைப் பார்த்தபடி தியானத்தில் ஆழ்ந்தார். அந்தப் பாறை இன்றும் போற்றிப் பாதுகாக்கப்படுகிறது.

மனைவி என்ற வேடம் முடிந்துபோன பிறகும் அங்கே அமர்ந்திருந்தவரிடம் ஏதும் குறைந்திருக்கவில்லை. மைத்ரேயி கேட்டுப் பெற்ற பங்கு அவரிடமும் இருந்தது.

இல்லறத்தார் செய்யக்கூடியவை

மகான்களின் துறவை எல்லா இல்லறத்தாரும் பின்பற்ற வேண்டும் என்று எவரும் சொல்லவில்லை. பின்பற்றக்கூடியவை சிறியவை. கணவனோ மனைவியோ ஒரு கடுஞ்சொல் சொல்லிவிட்டால், மறுநாள் விடியுமுன் அதற்கு வருத்தம் தெரிவிக்கலாம். பணத்தைப் பற்றிய முடிவை எடுக்குமுன் மற்றவரை அழைத்து அவர் விருப்பத்தைக் கேட்கலாம். பிழை நேர்ந்திருந்தால் மௌனத்தில் ஆண்டுகளைக் கடத்தாமல் வாய்விட்டு ஒப்புக்கொள்ளலாம். நாளில் ஒருமுறையேனும், எதிரே இருப்பவரைக் கணவன், மனைவி என்ற கணக்கு இல்லாமல், இறைவன் குடியிருக்கும் ஓர் உயிராக நினைத்துப் பார்க்கலாம். இதற்குத் தனி நேரம் வேண்டியதில்லை. சாப்பாட்டுத் தட்டை எடுத்து வைக்கும் நேரம் போதும்.

சப்தபதியின் ஏழாவது அடி தோழமைக்கு உரியது என்பது மரபு. உணவு, வலிமை, செல்வம், மக்கள் என்று வேண்டிய பின்னர்த் தோழமை இறுதியில் வருகிறது. முன்னே வேண்டியவை கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். கிடைத்தவை ஒருநாள் நீங்கலாம். தோழமை மட்டும் இருவர் மனம் வைத்தால் என்றும் நிலைத்திருக்கும். அதைப் பங்கிடவும் முடியாது, மரணம் பறித்துக்கொள்ளவும் முடியாது. அந்த ஏழாவது அடியை ஒவ்வொரு நாளும் எடுத்து வைக்கும் ஆற்றலை அன்னை எல்லா இல்லங்களுக்கும் அருள்வாராக!